‘சரியாப் போச்சு’ன்னு மாத்திரையை நிறுத்தலாமா?

மேல்மலைக் குளிரும் பெரியவர்களின் சிறுநீர்த் தொல்லையும்

போளூர்:-

ராத்திரி நாலு தடவை, ஐந்து தடவை எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, டார்ச் லைட்டோடு வெளியே போகும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மலைக் கிராமத்தில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. வெளியே எலும்பைத் துளைக்கும் பனி. போய் நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். திரும்பி வந்து படுத்தால் மறுபடியும் முட்டும்.

“வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். பெரியவரும் வெட்கப்பட்டு வாய் திறப்பதில்லை. ஆனால் இந்தத் தொல்லைக்கு மாத்திரை இருக்கிறது. நல்ல மாத்திரை. சிக்கல் என்னவென்றால், கொஞ்சம் சுகம் கண்டவுடனே பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். பிறகுதான் ஆபத்து!

இது பற்றிய விவரம் வருமாறு:-

எந்தப் போளூர்?

போளூர் என்றதும் பலருக்குத் திருவண்ணாமலைப் பக்கத்துப் போளூர்தான் நினைவுக்கு வரும். இது அது அல்ல. திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் தாலுகாவைச் சேர்ந்த மேல்மலைப் போளூர். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று மேல்மலை ஊர்களைச் சொல்லும்போது கூடவே சொல்லப்படும் ஊர். பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் பூமி. புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இந்தப் பக்கத்து வெள்ளாமைதான்.

இங்கிருந்து பெரிய வைத்தியத்துக்குப் போவதென்றால் முதலில் கொடைக்கானல் அரசு ஆஸ்பத்திரி. அதற்கும் மேல் என்றால் மலையை விட்டு இறங்கித் தேனி, திண்டுக்கல் அல்லது மதுரை பெரியாஸ்பத்திரி. கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு மட்டும் 100 கிலோமீட்டருக்கு மேல். நடுராத்திரியில் சிறுநீர் அடைத்துக்கொண்டால், இந்தத் தூரம் எவ்வளவு என்பது அடைத்துக்கொண்டவருக்குத்தான் தெரியும்.

டவுனில் இருப்பவர் மாத்திரையை மறந்தால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். மலையில் இருப்பவர் மறக்கவே கூடாது. அதனால்தான் இந்த விஷயம் போளூருக்கு முக்கியம். கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும், தினமும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகிறவருக்கும், ஆபீஸ் நாற்காலியை விட்டு அடிக்கடி எழுந்திருக்கக் கூச்சப்படும் குமாஸ்தாவுக்கும் இதே விஷயம் பொருந்தும்.

நெல்லிக்காய் எலுமிச்சையாகிறது

ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே ‘புராஸ்டேட்’ என்று ஒரு சுரப்பி இருக்கிறது. வாலிப வயதில் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு, சுமார் 20 கிராம் எடை. சிறுநீர்க் குழாய் இதன் நடுவில் புகுந்துதான் வெளியே வருகிறது. வயது 40-ஐத் தாண்டியதும் இந்தச் சுரப்பி மெல்ல வளர ஆரம்பிக்கிறது. எலுமிச்சம்பழம் அளவாகும். சிலருக்கு ஆரஞ்சுப்பழம் அளவுகூட ஆகும். நடுவில் போகும் குழாயை நெருக்கும்.

60 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்த வளர்ச்சி இருக்கிறது. 80 தாண்டினால் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல். ஆனால் வளர்ச்சி இருக்கும் எல்லோருக்கும் தொல்லை வருவதில்லை. சிறிய வீக்கத்திலேயே அவதிப்படுகிறவரும் உண்டு. பெரிய வீக்கத்தோடு சுகமாக இருப்பவரும் உண்டு.

முக்கியமாக ஒன்று: இது புற்றுநோய் அல்ல. இந்த வீக்கம் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டும் தனித்தனியாக வரலாம். அதனால் பரிசோதனை அவசியம்.

ராஜாவுக்கும் வந்தது!

வெட்கப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. 2024 ஜனவரியில் இங்கிலாந்து மன்னர் 3-ம் சார்லஸுக்கு இதே வீக்கத்துக்குச் சிகிச்சை நடந்தது. அரண்மனையே அதை வெளிப்படையாக அறிவித்தது. மற்ற ஆண்களும் கூச்சப்படாமல் டாக்டரிடம் போகட்டும் என்பதுதான் நோக்கம். அந்தச் சிகிச்சையின்போதுதான் அவருக்கு வேறொரு புற்றுநோய் இருப்பதும் தெரிய வந்தது.

நம் நாட்டில் பிரதமராக இருந்த மன்மோகன் சிங்குக்கு 2007 செப்டம்பரில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. ராஜாவும் பிரதமரும் சொல்லக் கூச்சப்படாத விஷயத்தை நம் ஊர்ப் பெரியவர் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

ஏழு கேள்வி, 35 மார்க்

தொல்லை எவ்வளவு என்று அளக்க டாக்டர்கள் ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். 1992-ல் அமெரிக்காவில் தயாரானது. கடந்த ஒரு மாதத்தில்:

போய் முடித்த பிறகும் மிச்சம் இருப்பது போல் தோன்றுகிறதா? இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா? நின்று நின்று வருகிறதா? அடக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கிறதா? தாரை மெலிந்துவிட்டதா? முக்க வேண்டியிருக்கிறதா? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்?

ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 5 வரை மார்க். கூட்டினால் 7 வரை லேசான தொல்லை. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20-க்கு மேல் கடுமை. பள்ளிக்கூடப் பரீட்சையில் மார்க் கூடினால் சந்தோஷம். இதில் குறைந்தால்தான் சந்தோஷம்!

லேசான தொல்லைக்கு மாத்திரையே வேண்டாம். பழக்கத்தை மாற்றிக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும். நடுத்தரத்துக்கு மேல் போனால்தான் மாத்திரை.

இரண்டு ஜாதி மாத்திரைகள்

இங்கேதான் பலருக்குக் குழப்பம். இந்த வியாதிக்கு முக்கியமாக இரண்டு வகை மாத்திரைகள். வேலை வேறு, வேகம் வேறு.

முதல் வகை ‘இறுக்கம் தளர்த்தும்’ மாத்திரை. டாம்சுலோசின், ஆல்ஃபுசோசின், சிலோடோசின் என்று பெயர்கள். புராஸ்டேட்டிலும் மூத்திரப்பையின் வாயிலும் உள்ள தசைகளை நரம்புகள் இறுக்கிப் பிடிக்கின்றன. இந்த மாத்திரை அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. இப்படி ஒரு வழி உண்டு என்று 1970-களிலேயே இஸ்ரேல் டாக்டர் மார்கோ கெய்ன் காட்டினார். டாம்சுலோசின் 1993-ல் ஜப்பானிலும், 1997-ல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. சில நாட்களிலேயே சுகம் தெரியும். ஆனால் சுரப்பியின் அளவு குறையாது. வளர்வது வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

இரண்டாவது வகை ‘சுருக்கும்’ மாத்திரை. ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு. இது சுரப்பியை வளர்க்கும் ஹார்மோனைத் தடுத்து, கால்வாசி வரை சுருக்குகிறது. ஆனால் பலன் தெரிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். சுரப்பி பெரிதாகிவிட்டவர்களுக்கு மட்டும்தான் இது உதவும். சிறிய சுரப்பிக்கு வீண்.

இவை தவிர, ஆண்மைக் குறைவுக்குக் கொடுக்கும் டடாலாஃபில் மாத்திரையைச் சிறிய அளவில் இந்தத் தொல்லைக்கும் தரலாம் என்று 2011-ல் அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடவே கூடாது. உயிருக்கே ஆபத்து!

தீவுக் கிராமம் சொன்ன ரகசியம்

சுருக்கும் மாத்திரை பிறந்த கதை விசித்திரமானது. கரீபியன் கடலில் டொமினிக்கன் குடியரசு என்று ஒரு நாடு. அங்கே சலினாஸ் என்ற கிராமத்தில் சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் போலத் தெரிவார்கள். வயது வரும்போது ஆணாக மாறுவார்கள்! நியூயார்க் டாக்டர் ஜூலியன் இம்பராட்டோ மெக்கின்லி குழுவினர் இதை ஆராய்ந்து 1974-ல் வெளியிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவு. ஆண் ஹார்மோனை அதைவிட வலுவான இன்னொரு ஹார்மோனாக மாற்றுவது அந்த நொதிதான். அது குறைந்தவர்கள் பெரியவர்களான பிறகும் அவர்களுடைய புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது. “அந்த நொதியை மருந்தால் தடுத்தால்?” என்று யோசித்தது மெர்க் கம்பெனி. அப்படி வந்ததுதான் ஃபினாஸ்டிரைடு. 1992-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் கத்திதான் கதி.

காப்பாற்றுவது எது?

சீக்கிரம் சுகம் தரும் மாத்திரையைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும். “இதுதான் நல்லா கேட்குது, அது சும்மா தண்டம்” என்று இரண்டாவதை நிறுத்திவிடுவார்கள். ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

4,844 பேரை வைத்து 4 வருஷம் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2010-ல் வெளியானது. எல்லோருக்கும் சுரப்பி வீங்கியிருந்தது. டாம்சுலோசின் மட்டும் சாப்பிட்டவர்களில் 100-க்குச் சுமார் 12 பேருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது அல்லது ஆபரேஷன் தேவைப்பட்டது. டூட்டாஸ்டிரைடு மட்டும் சாப்பிட்டவர்களில் சுமார் 5 பேர். இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் சுமார் 4 பேர்.

அதாவது, உடனே சுகம் தருவது ஒன்று. வருங்காலத்தில் காப்பாற்றுவது இன்னொன்று. முதல் மாத்திரையின் பலன் உடம்புக்குத் தெரியும். இரண்டாவதன் பலன் தெரியாது. ஏனென்றால் வர வேண்டிய ஆபத்து வராமல் போவதுதான் அதன் பலன்!

முன்பு 1998-ல் வெளியான இன்னொரு ஆராய்ச்சியிலும் இதே கதைதான். 3,040 பேர், 4 வருஷம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 7 பேருக்குச் சிறுநீர் அடைத்தது. ஃபினாஸ்டிரைடு சாப்பிட்டவர்களில் 3 பேருக்கு. ஆபரேஷன் 10 பேரிலிருந்து 5 பேராகக் குறைந்தது.

இன்னொரு கோணத்திலும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் பெரும்பாலோருக்கு அடைப்பு வரவில்லை. எனவே எல்லோருக்கும் இரண்டு மாத்திரை தேவையில்லை. யாருக்குத் தேவை என்பதை ஸ்கேன் எடுத்து, சுரப்பியின் அளவு பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்குவது ஆகாது.

நிறுத்தினால் என்ன?

இறுக்கம் தளர்த்தும் மாத்திரையை நிறுத்தினால் சில நாட்களிலேயே பழைய தொல்லை தலைகாட்டும். சுருக்கும் மாத்திரையை நிறுத்தினால் சுரப்பி மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பழைய அளவுக்குத் திரும்பும். இந்த இரண்டாவது நிலைதான் பொல்லாதது. நிறுத்திய முதல் மாதம் ஒன்றும் தெரியாது. “பார்த்தியா, மாத்திரை இல்லாமலே நல்லா இருக்கேன்” என்று தோன்றும். வளர்ச்சி உள்ளே சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும்.

அடைப்பு முற்றினால் மூத்திரப்பை முழுக்கக் காலியாகாது. தேங்கிய சிறுநீரில் கிருமி சேரும். கல் உண்டாகும். நாள்பட்டால் கிட்னியே கெடலாம். சிலருக்கு வலியே இல்லாமல் இது நடக்கும் என்பதுதான் கொடுமை.

திடீரென்று முழுக்க அடைத்துக்கொண்டால் டியூப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்போதும் மாத்திரை கைகொடுக்கிறது. டியூப் போட்டவர்களுக்கு ஆல்ஃபுசோசின் கொடுத்துப் பார்த்த ஒரு ஆராய்ச்சியில், டியூபை எடுத்த பிறகு 100-க்கு 62 பேர் தானாகச் சிறுநீர் கழித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 48 பேர்தான்.

குளிரும் ஜலதோஷ மருந்தும்

மலைவாசிகளுக்கு இது தனி எச்சரிக்கை. குளிரில் உடம்பு சிறுநீரை அதிகமாகத் தயாரிக்கிறது. அதே குளிர், தசைகளை இறுக்கும் நரம்புகளையும் முடுக்கிவிடுகிறது. இறுக்கம் தளர்த்தும் மாத்திரை எந்தப் பிடியைத் தளர்த்துகிறதோ அதே பிடியைக் குளிர் இறுக்குகிறது. மார்கழி, தை மாதங்களில் தொல்லை கூடுவதற்கு இதுதான் காரணம். காலுறை, கம்பளி, வெந்நீர் எல்லாம் மருந்துக்குச் சமம்.

இதைவிட ஆபத்து ஜலதோஷ மாத்திரை. மூக்கடைப்பைத் திறக்கும் சில மருந்துகள் சிறுநீரை அடைத்துவிடும்! சூடோஎஃபெட்ரின், ஃபினைல்எஃப்ரின் போன்றவை தசையை இறுக்கும். குளோர்பெனிரமின் போன்ற, தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்துகள் மூத்திரப்பையின் பலத்தைக் குறைக்கும். கடையில் சர்வ சாதாரணமாகக் கேட்டு வாங்கும் ஜலதோஷ மாத்திரைகளில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும். “எனக்குப் புராஸ்டேட் இருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்கினால் ஒரு ராத்திரி அவதி தப்பும்.

பக்க விளைவு உண்டா?

உண்டு. மறைக்க வேண்டியதில்லை.

இறுக்கம் தளர்த்தும் மாத்திரை ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். மலைச் சரிவில், இருட்டில், படிக்கட்டில் இது சின்ன விஷயம் அல்ல. எழுந்ததும் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, பிறகு நிற்க வேண்டும். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாம்பத்திய நேரத்தில் விந்து வெளியே வராமல் போவதும் உண்டு. உடம்புக்குக் கெடுதல் இல்லை.

கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆபரேஷன் நடுவில் கண்மணியைச் சுற்றிய திரை தொளதொளவென்று ஆடும் சிக்கல் இந்த மருந்தால் வருகிறது என்று 2005-ல் அமெரிக்கக் கண் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். முன்னரே தெரிந்தால் சமாளித்துவிடுவார்கள். புராஸ்டேட்டும் கண்புரையும் ஒரே வயதில் வரும் வியாதிகள் என்பதால் இது மிக முக்கியம்.

சுருக்கும் மாத்திரையில் சிலருக்கு ஆசை குறையலாம், ஆண்மை தளரலாம், மார்பு வலிக்கலாம். மனசு சோர்ந்துபோனாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் பாதிக்கும். தாத்தாவுக்கு மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் மருமகள் கவனிக்க. ரத்த தானமும் கூடாது. ஃபினாஸ்டிரைடை நிறுத்தி ஒரு மாதம், டூட்டாஸ்டிரைடை நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகே ரத்தம் கொடுக்கலாம்.

பி.எஸ்.ஏ. கணக்கில் ஏமாறாதீர்கள்

புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க ‘பி.எஸ்.ஏ.’ என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. சுருக்கும் மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் இந்த அளவு பாதியாக இறங்கிவிடும். ரிப்போர்ட்டில் 3 என்று வந்தால் நிஜத்தில் அதை 6 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை சாப்பிடுவது தெரியாத டாக்டர் “நார்மல்” என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. பரிசோதனைக்குப் போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போவதே நல்லது. மாத்திரை சாப்பிடும்போதே இந்த அளவு ஏறினால் உடனே ஆராய வேண்டும்.

மூலிகை கேட்குமா?

வெளிநாட்டில் ‘சா பால்மெட்டோ’ என்ற பனை இனத்துப் பழச்சாறு இதற்குப் பிரபலம். நம் ஊரிலும் டப்பாவில் விற்கிறார்கள். 2006-ல் 225 பேரிடமும், 2011-ல் 369 பேரிடமும் சோதித்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிட ஒரு பலனும் கூடுதலாக இல்லை. வேறு கஷாயம், லேகியம் சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

காசுக்குப் பயந்து நிறுத்துகிறவர்களுக்கு

வருஷக்கணக்கில் மாத்திரை என்றால் பணமும் ஒரு கவலைதான். பிராண்டு பெயரில் வாங்கினால் விலை அதிகம். 2008-ல் தொடங்கிய மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களின் பட்டியலில் டாம்சுலோசினும், டூட்டாஸ்டிரைடு சேர்ந்த மாத்திரையும் குறைந்த விலையில் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. அங்கும் கேட்டுப் பார்க்கலாம். மலையிலிருந்து டவுனுக்கு இறங்கும்போது ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு, மூன்று மாத மாத்திரைக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்பது புத்திசாலித்தனம். மண் சரிந்து ரோடு அடைபடும் மழைக்காலத்தில் கையிருப்புதான் துணை.

எப்போது ஆபரேஷன்?

மாத்திரை எல்லோருக்கும் முடிவான மருந்து அல்ல. மறுபடி மறுபடி அடைப்பு, அடிக்கடி கிருமித் தொற்று, மூத்திரப்பையில் கல், நிற்காத ரத்தப்போக்கு, கிட்னி பாதிப்பு ஆகியவை இருந்தால் ஆபரேஷன்தான் வழி. வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்த் துவாரம் வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுக்கும் முறை பல பத்தாண்டுகளாக நடப்பில் உள்ளது. லேசர் முறையும் வந்துவிட்டது. மாத்திரையே வேண்டாம், ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று நினைப்பவரும் டாக்டரிடம் கேட்கலாம்.

இவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம்:

சிறுநீர் முழுவதும் நின்று அடிவயிறு கல் போல் வீங்குவது. சிறுநீரில் ரத்தம். குளிர் ஜுரத்தோடு எரிச்சல். தூக்கத்தில் தன்னறியாமல் படுக்கை நனைவது. கடைசியாகச் சொன்னது ‘வயசான குணம்’ அல்ல. பை நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது சுலபம். சாயங்காலத்துக்குப் பிறகு டீ, காப்பியைக் குறைக்கலாம். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்தலாம். ஆனால் பகலில் குறைக்கக் கூடாது. ஒரு தடவை போய்விட்டு, இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி முயன்றால் மிச்சமும் வந்துவிடும். மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில், டாம்சுலோசின் என்றால் சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்தில், விழுங்க வேண்டும்.

நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக நிறுத்தலாம். ஆனால் டாக்டரைக் கேட்டுவிட்டு!